தண்ணீர் ஆறும் வரை

எனோக் பாஸ்கோ குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஜெபக்கூடத்தில் பாடும்போது மட்டும் அவருடைய அடிக்குரல் தரைப்பலகை வழியாக நம் காலுக்கு ஏறும். ஆள் குட்டை. கை மட்டும் பெரிது. பெர்ரன் மேட்டில் வெட்டிய கரியெல்லாம் இருபத்திரண்டு வருஷம் அந்தக் கை வழியாகத்தான் கீழே போனது.

நியூசிலாந்தின் மேற்குக் கரையில், கடலிலிருந்து ரெண்டாயிரம் அடி உயரத்தில் எங்கள் மேடு. கரி உண்டு, மண் கிடையாது. நாலு முட்டைக்கோஸ் நட வேண்டுமென்றால் கீழேயிருந்து சாக்கில் மண் வரவழைக்க வேண்டும். செத்தவர்களைப் புதைக்கவும் மேலே இடம் இல்லை. பாறையை எவ்வளவு ஆழம் தோண்ட முடியும்? அவர்களையும் அடிவாரத்துக்குத்தான் இறக்குவோம். நடைபாதை அப்போது வெட்டியிருக்கவில்லை. கரி இறங்கும் சரிவு ஒன்றுதான் வழி. மாவு மூட்டை, புதுப் பெண்டாட்டி, பாதிரியார், சவப்பெட்டி எல்லாம் அந்த வழிதான்.

சரிவில் எஞ்சின் கிடையாது. நிறைந்த வண்டி கீழே இறங்கும். அதன் கனத்தில் பக்கத்துத் தண்டவாளத்தில் காலி வண்டி மேலே ஏறும். இரண்டையும் பிணைத்த கம்பிவடம் உச்சியில் ஒரு பெரிய ராட்டினத்தைச் சுற்றிப் போகும். இழுக்க ஆள் தேவையில்லை. பிடித்து வைக்கத்தான் ஆள் தேவை. எட்டு டன் கரி செங்குத்தான சரிவில் இறங்கினால் அதை யார் பிடிப்பது? தண்ணீர்தான் பிடித்தது. ராட்டினம் சுழலும்போது ஒரு தண்டு இரும்பு உருளைக்குள் தண்ணீரைத் தள்ளும். தண்ணீர் வெளியேற ஒரு சின்ன வழிதான். அந்த வழியைத் திறந்து மூடும் சக்கரம் எனோக்கின் கையில் இருந்தது. மூடினால் வண்டி நடக்கும். திறந்தால் பறக்கும்.

அவர் கார்ன்வாலில் தகரச் சுரங்கத்து ஊரில் பிறந்து வளர்ந்தவர். பத்தொன்பது வயதில் கப்பல் ஏறினார். கரி வெட்டத்தான் வந்தார். அவருக்கு முன்னால் பிரேக்கில் இருந்தவர் ஒரு வண்டியைக் கைவிட்டு, அது அடிவாரத்துக் கொட்டகையை உடைத்துக்கொண்டு போன பிறகு, அந்த இடத்துக்கு யாரும் போகத் துணியவில்லை. எனோக் போனார். ஏன் என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "யாராவது நிக்கணும்ல, பிரதர்" என்றாராம். அவ்வளவுதான் சொன்னார்.

அவர் மனைவி லவ்டே. பேர் போலத்தான், பகல் வெளிச்சம் மாதிரி ஒரு பெண். அவருக்கும் சேர்த்து அவள் பேசுவாள். ஒரே மகள் டாம்சின், ஒன்பது வயது. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அவர்கள் வீட்டில் யார் தும்மினாலும் நான் ஆசீர்வாதம் சொல்லலாம்.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உருளைக்குள் போய் வரும் தண்ணீர் சூடாகிவிடும். நெருப்பு இல்லை, அடுப்பு இல்லை, ஆனாலும் சூடு. காலையில் முதல் பத்து வண்டி இறங்கியதும் வெதுவெதுப்பாகும். மதியம் ஆவி பறக்கும். அதற்காகவே பக்கத்து ஓடையிலிருந்து ஒரு மரக்கால்வாய் வழியாகப் பச்சைத் தண்ணீர் தொட்டிக்குள் ஓயாமல் விழுந்துகொண்டிருக்கும். சூடான தண்ணீர் மேல்வாயால் வழிந்து பாறையில் ஓடும். பொங்குகிற அளவுக்குப் போகக் கூடாது. தண்ணீர் கொதித்து ஆவியானால் உருளைக்குள் பிடிப்பே இருக்காது. காற்றைப் பிடிப்பது போலத்தான்.

ஒருநாள் நான் கேட்டேன். "பிரதர், நெருப்பே இல்லாம இது எப்படிச் சூடாகுது?"

அவர் யோசித்தார். அவர் யோசிக்கும்போது நாம் ஒரு துணி பிழிந்து முடிக்கலாம். பிறகு சொன்னார். "கரிக்கு விழணும்னு ஆசை, சிஸ்டர். நான் விட மாட்டேங்கறேன். அந்தச் சண்டை எங்கயாவது போய்த்தானே ஆகணும்."

மேட்டில் விறகு கிடையாது. கரி உண்டு, ஆனால் அடுப்பு சின்னது. திங்கட்கிழமை துணி துவைக்கிற நாள். சுரங்கத்துத் துணி பச்சைத் தண்ணீரில் வெளுக்குமா? அதனால் பெண்கள் நாங்கள் வாளி எடுத்துக்கொண்டு பிரேக் கொட்டகைக்குப் போவோம். தொட்டியின் அடியில் ஒரு குழாய். நாங்கள் தொட்டியையே 'பசு' என்போம். எங்கள் வரிசையில் ஹானோரா என்று ஒரு ஐரிஷ்காரி. அவள் வாய் சும்மா இருக்காது.

"பாஸ்கோ, இன்னிக்கு உங்க பசு நல்லா கறக்குதா?"

"கறக்குது."

"இந்த மனுசன் கல்யாணத்தன்னிக்காவது ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசினாரா லவ்டே?"

"ரெண்டு பேசினாரு. 'சரி'ன்னாரு. அப்புறம் 'சரி'ன்னாரு" என்பாள் லவ்டே. எனோக் காதோரம் சிவப்பார்.

எனோக் வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று. உறைபனிக் காலத்தில் கால்வாய் கட்டியாகிவிடும்; தொட்டிக்குள் புதுத் தண்ணீர் விழாது. அப்போது யார் ஒரு வாளி சூடான தண்ணீர் எடுத்தாலும், ஓடைக்குப் போய் ஒரு வாளி பச்சைத் தண்ணீர் மொண்டு வந்து தொட்டியில் ஊற்ற வேண்டும். ஓடை இருநூறு அடி தள்ளி. நாங்கள் ஊற்றினோம். பெரும்பாலும் ஊற்றினோம்.

தொட்டியின் சூட்டை அளக்க அவரிடம் கண்ணாடிக் குழாய் எதுவும் கிடையாது. மூடியைத் திறந்து கையை உள்ளே விடுவார். கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தை மனசுக்குள் சொல்லுவார். ஆமென் வரைக்கும் கை தாங்கினால் தண்ணீர் நல்லது. தாங்காவிட்டால் வண்டியை நிறுத்திவிடுவார். முதலாளியே வந்து கத்தினாலும் நிறுத்தியதுதான்.

அந்த வருஷம் ஜூலையில், நடுக் குளிர்காலத்தில், டாம்சினுக்குத் தொண்டை வலி வந்தது. சனிக்கிழமை கஞ்சி குடிக்கவில்லை. ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை. இரவெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு இழுக்கிற சத்தம். வாள் கொண்டு ஈரப் பலகையை அறுக்கிற மாதிரி. திங்கள் காலை லவ்டே என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். விளக்கைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி படர்ந்திருந்தது. தொண்டை அடைப்பான். போன வருஷம் அடிவாரத்தில் இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போன அதே வியாதி.

எனோக் ஆறு மணிக்கே வேலைக்குப் போயிருந்தார். அவர் போகாவிட்டால் கரி இறங்காது. துறைமுகத்தில் கப்பல் காத்திருந்தது. லவ்டே ஒரு சீட்டு எழுதச் சொன்னாள், நான் எழுதினேன். கரி வண்டியில் செருகி இறக்கினார்கள். அடிவாரத்து எழுத்தர் தந்தி கொடுத்தார். மதியத்துக்குள் காலி வண்டி ஒன்றில் பதில் ஏறி வந்தது. டாக்டர் மூணு மணி ரயிலில் அடிவாரம் வருகிறார். கழுத்தில் கீறி மூச்சுக்குக் குழாய் வைக்க வேண்டியிருக்கும். அவருக்குக் கால் ஊனம், கரி வண்டியில் ஏறி நிற்க முடியாது. பிள்ளையை இறக்குங்கள்.

நான் அந்தச் சீட்டை எனோக்கிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. கேட்டுவிட்டு, சரிவின் மேலாளர் டூகல்ட் ரேயிடம் போனார்.

"டூகல்ட், ஒரு மணியோட நிறுத்திக்கலாம். தண்ணி ஆறட்டும். ரெண்டே முக்காலுக்கு என் பிள்ளைய இறக்கணும்."

டூகல்ட் நல்ல மனுஷன்தான். ஆனால் அவருக்கு மேல் வேறு ஆட்கள் இருந்தார்கள். "அஞ்சு மணிக்குக் கடல் ஏறும்போது கப்பல் கிளம்பணும் எனோக். இன்னும் பதினெட்டு வண்டி பாக்கி. ரெண்டரை வரைக்கும் விடு. அதுக்கப்புறம் சரிவே உன் பிள்ளைக்குத்தான், வேற ஒண்ணும் போகாது. பசு நிறைஞ்சுதானே இருக்கு?"

எனோக் திரும்பிப் பார்த்தார். தொட்டியின் மேல்வாயில் கெட்டியான பனிக்கட்டி தொங்கிக்கொண்டிருந்தது. வழிந்த தண்ணீர்தான் அப்படி உறைந்திருக்கும், தொட்டி நிறைந்திருக்கிறது என்று அவர் நினைத்தார். யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ராத்திரி வழிந்த தண்ணீர் அது.

அன்று காலை நாங்கள் பசு கறந்திருந்தோம். ஒன்பது வீட்டுப் பெண்கள். கால்வாய் உறைந்திருந்தது. ஓடைக் கரையில் பனி கண்ணாடி மாதிரி வழுக்கியது. விரல் மரத்துப் போயிருந்தது. நான் ஆறு வாளி எடுத்தேன். ஒரு வாளிகூட ஊற்றவில்லை. மத்தியானம் வெயில் வந்ததும் ஊற்றிவிடலாம் என்று நினைத்தேன். மற்றவர்களும் அதையேதான் நினைத்தார்கள் போலிருக்கிறது.

இரண்டு மணி இருக்கும். கம்பிவடத்தின் சத்தம் மாறியது. மேட்டில் வாழ்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் தூக்கத்திலும் தெரியும். முனகல் சிணுங்கலானால் எழுந்து உட்கார்ந்துவிடுவோம். அது அன்று கீச்சென்று ஏறியது. நான் கையில் இருந்த சட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். கொட்டகைக்குள் எனோக் சக்கரத்தை முழுக்க மூடியிருந்தார். ஆனாலும் ராட்டினம் ஓடிக்கொண்டிருந்தது. உருளையின் இடுக்கிலெல்லாம் ஆவி சீறியது. அவர் அவசரத்துக்கென்று இருந்த மரக்கட்டைப் பிரேக்கின் மேல் தன் முழு உடம்பையும் சாய்த்தார். டூகல்ட் ஓடிவந்து அவர் மேல் சாய்ந்தார். கட்டை புகைந்தது. வண்டி அடிவாரத்துக்கு அறுபது அடி மேலே நின்றது. கட்டையைத் தளர்த்தித் தளர்த்தி அதை மட்டும் எப்படியோ கீழே சேர்த்தார்கள்.

எனோக் தொட்டியின் மூடியைத் திறந்தார். முகத்தில் ஆவி அடித்தது. அது விலகியதும் உள்ளே எட்டிப் பார்த்தார். தண்ணீர் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இருந்ததும் குமிழியிட்டது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. யாரையுமே பார்க்கவில்லை. "ஊத்தலையா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த நேரத்தில்தான் லவ்டே வந்தாள். டாம்சினைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டிருந்தாள். பிள்ளையின் உதடு நீலமாகியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது.

"வண்டி எது எனோக்? இதுவா?"

"இப்ப முடியாது லவ்டே."

"என்ன முடியாது?"

"தண்ணி கொதிச்சிடுச்சு. இப்ப விட்டா பாதியில கையை விட்டுப் போயிடும்."

"நீ புடிப்ப. எத்தனை ஆயிரம் வண்டி புடிச்சிருக்க. புடிச்சுக்க, நாங்க போறோம்."

"நான் புடிக்கறதில்ல. தண்ணிதான் புடிக்குது."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள். அவளும் காலையில் மூணு வாளி எடுத்திருந்தாள், பிள்ளையின் வேர்த்த துணியைத் துவைக்க. அவள் ஊற்றினாளா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தே இறங்கவும் வழியில்லை; சரிவின் கட்டையெல்லாம் அன்று ஐஸ், இரண்டு கையாலும் பிடிக்காமல் ஒரு அடி வைக்க முடியாது. நாங்கள் ஓடினோம். எங்கள் வீட்டுத் தொட்டிகளில் தண்ணீர் நிறைய இருந்தது. காலையில் எடுத்த அதே தண்ணீர்தான். இப்போது ஜில்லென்று ஆறி, சோப்பு நுரையோடு, சட்டைகள் மிதக்க நின்றது. நான் ஒரு வாளி மொண்டு தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். எனோக் கையை நீட்டித் தடுத்தார்.

"சோப்புத் தண்ணி வேணாம் சிஸ்டர். உள்ள தோல் வளையம் இருக்கு. வழுக்கிடும். அப்புறம் என்னைக்குமே புடிக்காது."

அந்த வாளியை வைத்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு தண்ணீர். ஒரு சொட்டுகூட உதவாது.

பிறகு ஓடைக்குப் போனோம். ஹானோரா கோடரியால் பனியை உடைத்தாள். வரிசையாக நின்று வாளி மாற்றினோம். அதையும் எனோக் அள்ளிக் கொட்ட விடவில்லை. "மெல்ல. ஓரமா. இரும்பு கொதிக்குது, பச்சைத் தண்ணி பட்டா வெடிச்சிடும்." கிண்ணம் கிண்ணமாக ஊற்ற வேண்டியிருந்தது. ஊற்றுகிற ஒவ்வொரு கிண்ணமும் உள்ளே இருந்த சூட்டில் கரைந்தே போய்விடும். தொட்டி ஆறினாலும் உருளையும் குழாய்களும் ஆற வேண்டும். காலையிலிருந்து இறக்கிய நாற்பத்தெட்டு வண்டிக் கரியின் சூடு அந்த இரும்புக்குள் உட்கார்ந்திருந்தது. அதை வெளியே போ என்று யார் சொல்ல முடியும்?

டூகல்ட் அவர் பக்கத்தில் நின்று கெஞ்சினார். "மெதுவா விடு எனோக். நத்தை மாதிரி விடு. அப்பச் சூடு ஏறாதில்ல?"

"மெதுவா விட்டாலும் மலை அதே உயரம்தான். மேலேயிருந்து கீழ வரைக்கும் உள்ள சூடு மொத்தமும் இந்தத் தண்ணிக்குள்ளதான் வந்தாகணும். கனத்தைக் குறைக்கலாம். உயரத்தை நான் என்ன பண்ண?"

"அப்ப கனத்தைக் குறைப்போம்" என்று டூகல்ட் தாமே மண்வாரி எடுத்தார். லவ்டேயும் பிள்ளையும் ஏறப்போகும் வண்டியிலிருந்து பாதிக் கரிக்கு மேல் வெளியே தள்ளினார்கள். காலி வண்டியை மேலே இழுக்கிற அளவு கனம் மட்டும் மிச்சம் வைத்தார்கள். தொப்பியும் கோட்டும் கழற்றிவிட்டு ஆறு ஆண்கள் வேர்க்க வேர்க்க வேலை செய்தார்கள். ஏதாவது செய்ய முடிந்ததில் அவர்களுக்கு ஒரு ஆறுதல். எனோக்குக்கு அதுவும் இல்லை. அவர் தொட்டி அருகே நின்றுகொண்டிருந்தார்.

மூணு மணி ரயில் கீழே ஊதிய சத்தம் கேட்டது. டாக்டர் வந்துவிட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

எனோக் கையை உள்ளே விட்டார். உடனே வெளியே எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி விட்டார். உதடு அசைந்தது. ஜெபத்தில் அப்பம் கேட்கிற இடத்துக்கு முன்பே கையை எடுத்துவிட்டார். லவ்டே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து பிள்ளையை நிமிர்த்திப் பிடித்திருந்தாள். டாம்சினுக்குப் பேச்சு இல்லை. கண் மட்டும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் வண்டியை விட்டுவிடுவோமோ என்று பயந்தார் என்று நினைக்கிறேன்.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்றாள் லவ்டே.

"தெரியல."

"தெரியலன்னா எப்படி? உனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

"தெரியல லவ்டே."

அவள் எழுந்தாள். "என் பிள்ள செத்துக்கிட்டிருக்கா, நீ ஜெபம் சொல்லிக்கிட்டு நிக்கிற!"

கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்தோம். எனோக்கின் கைத் தோல் சிவந்து மேலே கொப்புளம் எழும்பியிருந்தது. அதே கையை மறுபடியும் உள்ளே விட்டார்.

நானும் ஜெபித்துக்கொண்டுதான் கிண்ணம் ஊற்றினேன். பனி வேண்டாம் என்று வாழ்நாளெல்லாம் கேட்டிருக்கிறேன். அன்று பனி வேண்டும் என்று கேட்டேன். இருந்த பனி போதவில்லை.

நாலரை மணிக்கு வெளிச்சம் மங்கத் தொடங்கியது. அதற்குள் பிள்ளையின் மூச்சுச் சத்தம் குறைந்துபோயிருந்தது. சத்தம் குறைந்தது நல்லதுக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். எனோக்குக்கும் தெரிந்திருக்கும். அவர் கடைசியாகக் கையை விட்டார். இந்த முறை நீண்ட நேரம் வைத்திருந்தார். கடன்களை மன்னிக்கச் சொல்லும் இடம் வரைக்கும் போயிருப்பார். முடிக்கவில்லை. கையை எடுத்து, "ஏத்துங்க" என்றார்.

லவ்டேயைக் கரியின் மேல் உட்கார வைத்தோம். நான் எண்ணெய்த் துணியை அவர்கள் இருவரையும் சுற்றிக் கட்டினேன். எனோக் வந்து அருகில் நிற்கவில்லை. அவர் சக்கரத்தில் இருக்க வேண்டும். மேட்டில் யார் இறங்கினாலும் அவர் ஒருவரால்தான் வழியனுப்ப வர முடியாது. மணிக் கம்பியை இரண்டு தரம் இழுத்தார். வண்டி விளிம்பைத் தாண்டி மறைந்தது.

அவர் சக்கரத்தை அணு அணுவாகத் திருப்பியதை நான் பார்த்தேன். பாதி வழியில் உருளை இடுக்கில் ஆவி எட்டிப் பார்த்தது. டூகல்ட் மரக்கட்டையில் போய்ச் சாய்ந்தார். வடம் சிணுங்கியது, பிறகு அடங்கியது. நெடுநேரம் கழித்துக் கீழேயிருந்து மணி மூன்று தரம் அடித்தது. வண்டி வந்து சேர்ந்தது என்று அர்த்தம்.

எங்கள் மணிக்கு அஞ்சே அஞ்சு சொல்தான் தெரியும். நிறுத்து, இறக்கு, ஏற்று, ஆள் வருகிறது, சேர்ந்தது. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்பதற்கு அதில் சொல் இல்லை. சேதி தெரிய வேண்டுமானால் காலி வண்டி மேலே வர வேண்டும். காலி வண்டி வர இன்னொரு நிறை வண்டி கீழே போக வேண்டும். தண்ணீரோ மறுபடி கொதித்துக் கிடந்தது. எனோக் வீட்டுக்குப் போகவில்லை. டூகல்ட் அவர் மேல் ஒரு கோட்டைப் போர்த்திவிட்டுப் போனார்.

விடிந்ததும் முதல் வண்டியை அவரேதான் இறக்கினார். எட்டு டன் கரி கீழே போனது. அதன் கனத்தில் ஒரு துண்டுக் காகிதம் மேலே வந்தது. என்னைக் கூப்பிட்டார்கள். நான் வாசித்தேன்.

"மிஸ்டர் பாஸ்கோவுக்கு. வண்டி நின்றபோது பிள்ளைக்கு மூச்சு இருந்தது. டாக்டர் தாமதிக்கவில்லை. பலிக்கவில்லை. அம்மா எங்களோடு இருக்கிறார்."

"இன்னொரு தரம் வாசிங்க" என்றார். வாசித்தேன். "மூச்சு இருந்துச்சா?"

"இருந்துச்சுன்னு எழுதியிருக்கு பிரதர்."

அவர் தலையாட்டினார்.

அடக்கம் அடிவாரத்தில், ஆற்றங்கரை மண்ணில். எனோக் வண்டியில் போகவில்லை. வேறு யாரையும் சக்கரத்தில் நிற்க விடாமல், சரிவின் கட்டைகளைப் பிடித்துப் பிடித்து நடந்தே இறங்கினார். அன்று கரி இறங்கவில்லை. கப்பல் பாதி வயிற்றோடு போயிருந்தது. நடந்தே ஏறியும் வந்தார். லவ்டே வரவில்லை.

ஒரு வாரம் கழித்து நான் அவரிடம் போனேன். சாப்பிட முடியவில்லை, தூங்க முடியவில்லை. பாவ அறிக்கை யாரிடமாவது செய்தாக வேண்டும். "பிரதர், அன்னிக்கு நான் ஆறு வாளி எடுத்தேன். ஒண்ணுகூட ஊத்தல."

அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு நேரம் அவர் யோசித்து நான் பார்த்ததில்லை. "ஒரு மணிக்கு நான் மூடியைத் திறந்து பார்த்திருக்கணும்" என்றார். "ஐஸைப் பார்த்துட்டு விட்டுட்டேன். எது எவ்வளவுன்னு எனக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியல சிஸ்டர். நீங்களும் பிரிக்காதீங்க."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. நான் அதை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கம்பெனி மரக்கால்வாயைச் சாக்கால் சுற்றிக் கட்டியது. தொட்டியில் நீர் மட்டம் தெரிய ஒரு கண்ணாடி வைத்தது. பெண்கள் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நாங்களாகவே போகவில்லை. திங்கட்கிழமைகளில் வெந்நீர் பாறையில் சும்மா ஓடி ஆவியாகப் போனது. துணி பழுப்பாகவே இருந்தது.

லவ்டே அடிவாரத்தில் ரயில்காரர்கள் தங்கும் விடுதியில் சமைத்தாள். எனோக் மாதத்துக்கு ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இறங்கிப் போவார். இறங்க இரண்டு மணி, ஏற மூணு மணி. அங்கே இருவரும் என்ன பேசுவார்களோ தெரியாது. ஹானோரா ஒருமுறை துணிந்து கேட்டாள்.

"என்ன சொன்னா பாஸ்கோ, உங்க வீட்டுக்காரி?"

"டர்னிப் கீழ மலிவாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஹானோரா சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

பதினாலு மாதம் கழித்து, செப்டம்பரில் ஒரு புதன்கிழமை, கீழேயிருந்து காலி வண்டியில் ஆள் ஏறுகிறது என்று மணி சொன்னது. யார் என்று மணி சொல்லாது. எனோக் நிறை வண்டியை விட்டார். மூடுபனியிலிருந்து காலி வண்டி மேலே வந்து விளிம்பைத் தாண்டி நின்றது. உள்ளே லவ்டே, ஒரு தகரப் பெட்டியோடு. தலையில் பாதி நரைத்திருந்தது.

நான் ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கினேன். அவள்தான் பேசினாள்.

"கீழ வைக்காத கெரன். அடி நனைஞ்சிருக்கு, உள்ள மாவு இருக்கு."

எனோக் சக்கரத்தைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கொட்டகை வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். வெந்து ஆறின வடு வெள்ளையாகக் கிடந்த அவர் கையைப் பார்த்தாள்.

"அடுப்பு எரியுதா?"

"இல்ல."

"சரி. நான் பத்த வைக்கிறேன்."

அவள் வீட்டுப் பக்கம் நடந்தாள். அவர் ஒரு காலை எடுத்து வைத்தார். பிறகு நின்றுவிட்டார். நிறை வண்டி கொக்கி மாட்டித் தயாராக நின்றது. அன்றைக்கு இன்னும் முப்பத்தொரு வண்டி பாக்கி இருந்தது. ஒவ்வொன்றாக இறக்கினார்.